அவிழ்க்காத ஓலை

செல்ஃபினா துஹுமுரிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஹத்துலோவா கரையில் கடல்காவலுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவள்தான். அவள் தகப்பனுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு தம்பி மார்த்தெனுக்குப் போகும் என்றுதான் ஊரே நினைத்தது. மார்த்தெனுக்கு மீன் பிடிக்கத்தான் ஆசை, மீனைக் காக்க அல்ல. அதனால் அக்காள் வந்தாள்.

எங்கள் ஊரில் சட்டம் என்றால் சாசிதான். அக்டோபரில் கரையோரக் கம்பத்தில் குருத்தோலையைக் கட்டிப் போதகர் ஜெபித்துவிட்டால், எதிரே இருக்கும் பாறைத்திட்டில் யாரும் தூண்டில் இறக்கக் கூடாது. ஓலையை அவிழ்க்கிற உரிமை காவல்தலைமைக்கு மட்டுமே உண்டு. குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவிழ்ப்பார்கள். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வீடு சாகோக் களியும் களவா மீன் குழம்பும் இருக்க வேண்டுமே. மிஞ்சியதை அம்போன் பட்டணத்திலிருந்து வரும் படகு உயிரோடு வாங்கிக்கொண்டு போகும்.

ஆறு மாதம் மூடி வைத்தும் களவா குறைந்துகொண்டே வந்தது. முதலில் வெளியூர்க்காரன் திருடுகிறான் என்றார்கள். செல்ஃபினா இரண்டு வருடம் ரோந்து போய்ப் பார்த்தாள். ஒருவனும் அகப்படவில்லை. பிறகு ஊரில் யாரோ பாவம் செய்திருக்கிறார்கள் என்று பேச்சு திரும்பியது. அதற்கு ரோந்து போக முடியாது.

விடை அவளுக்குக் கிடைத்தது அடுப்படியில். ஆண்கள் மீனை முழுசாக விற்றுவிடுவார்கள். வயிற்றைக் கீறுவது பெண்கள்தான். ஈஸ்டர் மீன் ஒவ்வொன்றிலும் கை நிறையச் சினை இருந்ததும், மற்ற மாதங்களில் தப்பித்தவறிப் பிடிபட்ட களவாவில் அது இல்லாததும் அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஈஸ்டர் விடியற்காலை ஊர்வலத்துக்கு எங்கள் ஊரில் யாரும் பந்தம் தேடியதில்லை, மேலே நிலா இருக்கும். எல்லா வருடமும் இருக்கும். ஈஸ்டரே பௌர்ணமியைப் பார்த்துக் குறிக்கிற நாள் என்று போதகர் சொன்னபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. களவா ஒன்றுகூடிச் சினை விடுவதும் அதே பௌர்ணமியை ஒட்டித்தான். ஆறு மாதம் காத்திருந்து, அவை கூடுகிற வாரமாகப் பார்த்துத் திறந்துவிட்டிருக்கிறோம்.

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலேயே சொன்னாள்.

"நாளைக்கு ஓலையை அவுக்க மாட்டேன். ரெண்டு பௌர்ணமி போகட்டும்."

மார்த்தென் சிரித்தான். "உசி, வெயில் தலைக்கேறிடுச்சா? அம்போன் படகு வந்து நிக்குது. அவன்கிட்ட என்னான்னு சொல்றது?"

"உசி அவுக்க மாட்டேன்னுட்டான்னு சொல்லு." அக்காளை இங்கே உசி என்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் உசிதான்.

"பொம்பளைகிட்ட கடலைக் குடுத்தா அதையும் மூடி போட்டு வச்சிருவா," என்றார் பின்னாலிருந்து, தெத்தே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு கிழவர்.

"நீங்க பிடிச்சுட்டு வர்றதுக்கு ஓட்டைச் சட்டி போதும் தெத்தே, மூடி எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜா மட்டும் சிரிக்கவில்லை. ஊர்த்தலைவரை நாங்கள் ராஜா என்றுதான் அழைப்போம். "செல்ஃபினா, ஆறு வருஷமா நீதானே அவுத்தே. அப்பல்லாம் தெரியலையா?"

"தெரியல. பாட்டுப் பாடிட்டே அவுத்து விட்டேன். முதல் முட்டாள் நான்தான். அதுக்காக ஏழாவது வருஷமும் பாடணுமா?"

பிறகு அவளே பந்தயம் வைத்தாள். சாசி திறக்கும் முன் காவலர்கள் பத்து மீன் பிடித்துப் பார்க்கலாம் என்பது பழைய வழக்கம். "மார்த்தென் போய்ப் பிடிக்கட்டும், எங்க வேணா தூண்டில் போடட்டும். பத்துல எட்டுலயாவது சினை இல்லைன்னா நானே ஓலையை அவுத்துட்டு, காவலையும் அவன் கையில குடுத்துடுறேன்."

அவளோடு ரோந்து போகிற எனக்கே சந்தேகம் வந்தது. சினை இன்னும் முற்றியிருக்காவிட்டால்? வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "நாப்பது வருஷமா மீன் அறுக்கிறேன்," என்று மட்டும் சொன்னாள்.

திங்கள் காலை பத்து மீனையும் பாயில் வரிசையாகப் போட்டான் மார்த்தென். வயிறு சப்பையாகத் தெரிந்தவற்றையே அவன் பொறுக்கியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. செல்ஃபினா உட்கார்ந்து அறுத்தாள். முதல் மீன், சினை. இரண்டாவது, சினை. ஐந்தாவதுக்குப் பிறகு கேலி நின்றுபோனது. ஏழாவது மீனின் வயிற்றை அழுத்தியபோது வெள்ளையாகப் பால் வடிந்தது.

"இது சினை இல்லையே," என்றான் மார்த்தென்.

"ஆம்பளை. அவன் இல்லாம முட்டை என்னத்துக்கு ஆகும்? சரி, உன் கணக்குக்கே விட்டுத்தர்றேன்."

பத்தும் முடிந்தது. ஒன்பது சினை, ஒரு ஆண். பாயின் மேல் மஞ்சள் குவியல் உயர்ந்து நின்றது. மார்த்தென் குனிந்து ஒரு சினைப் பையைக் கையில் எடுத்துப் பார்த்தான். முப்பது வருடம் களவா பிடித்தவன், அதை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

"வருஷா வருஷம் இதையா அனுப்பிட்டு இருந்தேன்," என்றான்.

"நீ பிடிச்சே. நான் கதவைத் திறந்து விட்டேன்."

ராஜா தொண்டையைச் செருமினார். "அப்ப ஈஸ்டருக்கு?"

"திட்டுக்கு வெளியே சூரை இருக்கு. அதுக்கு நான் ஓலை கட்டல."

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். "ஈஸ்டருக்கு என்ன மீன் திங்கணும்னு மேல இருந்து எனக்கு உத்தரவு ஒண்ணும் வரல," என்றார் அவர்.

ராஜா தலையசைத்தார். ஆறு மாத வெயிலில் காய்ந்து சருகாகியிருந்த ஓலையின் மேலேயே பச்சை ஓலையைச் சுற்றினாள் செல்ஃபினா. மார்த்தென் வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அம்போன் படகு காலியாகத் திரும்பிப் போவது அங்கிருந்தே தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு அக்காளின் கையைப் பார்த்தான்.

"இன்னும் இறுக்கிக் கட்டு உசி," என்றான். "புதன்கிழமைக்குள்ள எனக்கே கை அரிக்கும்."