ரெண்டாவதுக்கு ஊசி கிடையாது

நான் வலிக்குப் பயந்தவள். காலில் முள் குத்தினாலே ஊரைக் கூட்டிவிடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பெற்றேன், வாயைத் திறக்கவே இல்லை என்று பெருமை பேசுகிற பெண்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். திறக்காமல் இருந்து என்ன கண்டார்கள்?

மூத்தவள் எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். வலி ஒரு பகல், ஓர் இரவு முழுக்க இருந்து மறுநாளும் விடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "என்னக் கொன்னுடுங்க" என்று கத்தினேன். டாக்டரம்மா வந்து பார்த்து ஏதோ சொல்ல, நர்ஸ் இடுப்பில் ஒரு ஊசி போட்டார். வலி போய்விடவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அது பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி ஆகிவிட்டது. சத்தம் கேட்கிறது, அடி நமக்கில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் தூங்கக்கூடத் தூங்கினேன். அந்த ஊசியின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மகளுக்கு அதையே வைத்திருப்பேன்.

இரண்டாவது உண்டானபோது முதலில் நினைத்தது குழந்தையை இல்லை, அந்த ஊசியைத்தான். எங்கள் பக்கம் முதல் பிரசவம் மட்டும்தான் பிறந்த வீட்டில். இரண்டாவதுக்குப் புகுந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அது விழிதியூரில் இருந்தது. சுற்றிலும் வயல், அவசரத்துக்கு மாட்டுவண்டி, ரோட்டுக்குப் போனால் எப்போதாவது பஸ். "அம்மா வீட்டுக்கே போறேனே" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "ஏன், நாங்க பாத்துக்க மாட்டமா? ஊரு என்னைய என்ன சொல்லும்?" என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாதாந்திரச் சோதனைக்குக் காரைக்கால் போனபோது நர்சிடம் மெல்லக் கேட்டேன். "போன தடவ ஒரு ஊசி போட்டீங்களே, இந்தத் தடவையும் போடுவீங்கள்ல?"

"ரெண்டாவதுக்கா? ரெண்டாவது சட்டுனு வந்துடும்மா. ஊசியெல்லாம் தேவைப்படாது."

"தேவைப்பட்டா?"

"அப்ப நேரத்தோட வரணும். புள்ள வெளிய வர்ற சமயத்துல போட்டா, புள்ளையும் சேந்து மயங்கிடும். பொறந்ததும் அழாது, மூச்சு விடச் செரமப்படும். வலின்னு தெரிஞ்ச ஒடனே கௌம்பி வந்துடுங்க."

அவ்வளவுதான், அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. ஊரில் எல்லோரும் ஆறுதல் சொல்கிறேன் என்று வேறு ஆரம்பித்தார்கள். "ரெண்டாவதுதானே, வழுக்கிக்கிட்டு வந்துடும்" என்றாள் ஒருத்தி. நாற்றுப் பறிக்கப் போன இடத்திலேயே பெற்றேன் என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் வண்டியிலேயே பெற்றாளாம், வண்டிக்காரர் மாட்டை நிறுத்தக்கூட இல்லையாம். இவர்கள் சொன்னது ஆறுதலா, பேய்க்கதையா? சீக்கிரம் வரும் என்றால் வலி குறைவு என்று யார் சொன்னது? இரண்டு நாள் வலியை ஒரு மணி நேரத்துக்குள் திணித்தால் எப்படி இருக்கும் என்றுதான் என் புத்தி போயிற்று. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். மூத்தவள் பக்கத்தில் படுத்திருக்கும்போது, இவளுக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்று அழுதிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் நெடுங்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம், "என்னங்க, ஊசி போடாம நான் பெத்துக்க மாட்டேன்" என்றேன்.

"நீ மாட்டேன்னா அது உள்ளயே இருந்துக்குமா?" என்று சிரித்தார். அன்று அவருக்குக் குழம்பில் உப்பே போடவில்லை.

மார்கழியில் ஒரு நாள் காலை வயிறு இறுகியது. நான் யாரையும் யோசிக்க விடவில்லை. மாமியாரும் நானும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். நர்ஸ் பார்த்துவிட்டு, "இது சூட்டு வலிம்மா, இன்னும் நாள் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், குளத்தடியில் நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "என்ன, ஊசி போட்டுக்கிட்டு வந்தாச்சா?" ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை மாதிரியே நடந்து காட்டினாள். எனக்கு மானம் போனது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொல்லிவிட்டார். "இனிமே நான் கஷாயம் போட்டுக் குடுத்துப் பாப்பேன். அதுக்கப்பறந்தான் வண்டி."

சீரகக் கஷாயம்தான் அது. சீரகத்தை வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, வெண்ணெய் போட்டுச் சுடச்சுடக் குடிக்க வேண்டும். சூட்டு வலியானால் அடங்கிவிடும், பிள்ளை வலியானால் கூடும். எங்கள் பக்கத்தில் டாக்டர் சொல்லுக்கு மேல் அது.

தை பிறந்து அறுவடை நடந்துகொண்டிருந்தபோது வலி வந்தது. காலைப் பலகாரம் ஆகியிருந்தது. வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை, வண்டியும் களத்தில் இருந்தது. "அத்தே, வலிக்குது, போயிடலாம்" என்றேன். அவர் அடுப்பைப் பற்ற வைத்தார்.

கஷாயத்தைக் குடித்தேன். குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என்ன கொடுமை, வலி நின்றுவிட்டது. "பாத்தியா?" என்றார் மாமியார். அப்படியே எழுந்து போய் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ சரியில்லை. ஆனால் மறுபடியும் பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்தால் குளத்தடிப் பெண்கள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்களே என்ற பயம் வேறு. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாளிலேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு பொழுதுதான்.

அது இரண்டு வலிக்கு நடுவில் வந்த இடைவெளி. அடுத்தது வந்தபோது கூடத்தின் நடுவில் மண்டியிட்டுவிட்டேன். பனிக்குடம் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். முறத்தைப் போட்டுவிட்டு மாமியார் களத்துக்கு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்த வண்டியில் ஏற்றியிருந்த வைக்கோலைப் பாதி தள்ளிவிட்டு, மீதியின் மேல் ஒரு ஜமக்காளத்தைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள்.

அந்த வண்டிப் பயணத்தை நான் இன்னும் மறக்கவில்லை. உச்சி வெயில். வாய்க்கால் கரை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பு இரண்டாகப் பிளந்தது. வலிக்கு நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. "வண்டிய வெரட்டுங்க, ஊசி போடாம விட்டுருவாங்க, வெரட்டுங்க" என்று கத்திக்கொண்டே வந்தேன். அறுவடை ஆட்கள் அரிவாளைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். மாமியார் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆத்தா, மாரியாத்தா, நான் தப்புப் பண்ணிட்டேனே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். அதைக் கேட்டதும் என் பயம் இன்னும் கூடிவிட்டது. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

ரோட்டுக்கு வந்ததும் நல்லவேளையாக ஒரு வாடகைக் கார் நின்றது. ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றியதும் நர்சின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊசி."

நர்ஸ் பார்த்தார். "தல தெரியுதும்மா. இப்பப் போடக் கூடாது."

"போடுங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். போடுங்க."

"புள்ள அழ வேணாமா? முக்கும்மா, முக்கு."

எனக்கு எதிரே நின்ற மாமியார் நர்ஸ் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "மருமக துடிக்கிறாம்மா. என்னால பாக்க முடியல. வெறும் தண்ணியவாவது போடுங்கம்மா, போட்டோம்னு நெனச்சுக்கட்டும்."

யாரும் எதையும் போடவில்லை. நான் பயந்த அத்தனையும் வந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. சாகப்போகிறேன் என்று நினைக்கக்கூட முடியவில்லை, நினைக்கிறவள் அங்கே இல்லை. மாமியாரின் மணிக்கட்டைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லையாம்.

சின்னவள் பிறந்தவுடனே அழுதாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. என் குரல்தான் அவளுக்கு.

மறுநாள் காலை நர்ஸ் வந்தார். அந்தக் காலத்தில் இரண்டு பெற்றவளை அந்தக் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறீங்களா? இன்னிக்கே பண்ணிடலாம்."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "வலி தெரியாம ஊசி போடுவீங்களா?"

"போட்டுத்தாம்மா கத்தியவே எடுப்போம்."

"முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"அப்பப் பண்ணிடுங்க" என்றேன். நாடு, வீடு, வறுமை எதையும் நான் நினைக்கவில்லை. இனி ஒரு தடவை அந்த வண்டியில் ஏற மாட்டேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியாருக்குப் பேரன் ஆசை உண்டு என்பது ஊருக்கே தெரியும். அவர் மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் என் கதை முடிந்தது. அவர் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது.

"ரெண்டும் பொண்ணாப் போச்சேம்மா" என்று மெதுவாக ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். "அடுத்தது ஒருவேள பையனா..."

"அடுத்தத நீ பெத்துக்கடா" என்றார் மாமியார்.

அவர் கையெழுத்துப் போட்டார்.