எலி கத்தாமல் மூடி திறக்காது

கம்பியக்காவின் இடது புருவம் பென்சிலால் வரைந்தது. வலது புருவம் பிறவியிலேயே வந்தது. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அன்றைக்கு வீட்டில் சமாதானம். இடது கொஞ்சம் மேலே ஏறியிருந்தால், கணவர் காலையிலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். வேலையிடத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்குமுன் அதைத்தான் பார்ப்பார்கள்.

வேலையிடம் பெரிதல்ல. மூன்று அறை, பின்னால் ஒரு முற்றம். விதைகளையும் காய்ந்த பூக்களையும் ஹெக்சேனில் ஊறவைத்து எண்ணெயையும் வாசனையையும் பிரித்தெடுக்கிற கூடம். ஹெக்சேன் பார்வைக்குத் தண்ணீர், குணத்தில் பெட்ரோலுக்குத் தங்கச்சி. அதன் ஆவி மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து, எங்கேயாவது ஒரு பொறி அகப்படுமா என்று தேடிக்கொண்டே போகும். அதைப் பெரிய டிரம்மிலிருந்து எஃகு கேனுக்கு மாற்றுவதுதான் பதினாறு வருஷமாக அவள் வேலை.

புருவம் போனது முதல் வருஷத்தில். காற்றில் ஈரமே இல்லாத ஒரு குளிர்ந்த காலை. பிளாஸ்டிக் புனலை வைத்து பிளாஸ்டிக் கேனில் மடமடவென்று ஊற்றினாள். தீப்பெட்டி இல்லை, அடுப்பு இல்லை. திரவம் ஓடிய உராய்விலேயே மின்சாரம் சேர்ந்து, விரலைச் சொடுக்கினாற்போல் ஒரு நீலப் பொறி. குப்பென்று பிடித்தது. பக்கத்தில் நின்றவர் தீயணைப்பானைத் தூக்கிப் பொடியை அடித்ததால் உயிர் தங்கியது. புருவம் மட்டும் கோபித்துக்கொண்டு போன சம்பந்தி மாதிரி திரும்பவே இல்லை.

அன்றிலிருந்துதான் கம்பியும், கம்பியக்கா என்ற பெயரும். டிரம்முக்கும் கேனுக்கும் இடையே ஒன்று, டிரம்முக்கும் சுவரிலுள்ள செம்புப் பட்டைக்கும் இடையே ஒன்று. பட்டை மண்ணுக்குள் இறங்குகிறது. சேர்கிற மின்சாரம் பொறியாகத் துள்ளாமல் மண்ணுக்குள் போய்விடும். கம்பி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன மீட்டர். பிடித்திருந்தால் கீச்சென்று கத்தும். அதனால் அதற்குப் பெயர் எலி. மூடியைத் திறக்கும் முன்பே எலியை வைத்துப் பார்ப்பாள். எலி கத்தினால்தான் மூடி திறக்கும்.

வீட்டில் டீ வடிகட்டும்போதுகூட அவள் பாத்திரத்துக்குக் கம்பி மாட்டுவாள் என்று ஊர் பேசும். சுத்தப் பொய். ஒரே ஒரு தடவைதான் மாட்டினாள், அதுவும் கணவர் பந்தயம் கட்டியதால். அவர் தையல்காரர். வழவழப்பான துணி உரசினாலே மின்சாரம் சேரும் என்பதால் வேலைக்கு அவள் பருத்திதான் போடுவாள். "ஊருக்கெல்லாம் பட்டு தைக்கிறேன். என் பொண்டாட்டிக்கு மட்டும் பருத்தியில கோட்டு. அதுவும் வருஷத்துக்கு மூணு," என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அந்தக் கோட்டின் தையலில் மட்டும் அவர் கண் தவறியதில்லை.

அவருடைய தம்பிதான் கூடத்தில் ஸ்டோர் பொறுப்பு. பெயிண்ட் டப்பாவைக் கண்டால் அவன் கை நிற்காது. ஒரு முறை வாட்ச்மேன் எழுந்திருக்கும்வரை பொறுமையில்லாமல் நாற்காலிக்குப் பெயிண்ட் அடித்ததில் வாட்ச்மேனின் செருப்பும் பச்சையானது. அப்படிப்பட்டவனிடம் முதலாளி, "நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரர் பார்க்க வர்றார். இடம் பளிச்சுன்னு இருக்கணும்," என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கம்பியக்கா உள்ளே வந்தபோது டிரம், கேன், கதவு, குழாய் எல்லாம் நீலம். கம்பெனிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் முதலாளி, முகமெல்லாம் பல். கம்பியை மாட்டினாள். எலியை வைத்தாள். கத்தவில்லை. தட்டினாள், வேறு இடத்தில் வைத்தாள். ஊமை.

சுவரைப் பார்த்தாள். செம்புப் பட்டையும் நீலம். பெயிண்டைத் தாண்டி மின்சாரம் போகாது.

"தம்பி, எத்தனை கோட்டு அடிச்சீங்க?"

"ரெண்டு, அண்ணி. நல்லா பிடிச்சிருக்கா?"

"கம்பியைத் தவிர எல்லாத்தையும் பிடிச்சிருக்கு."

முதலாளி அவள் காதருகே வந்தார். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அப்படியே ஊத்திடுங்கம்மா. மனுஷன் நிக்கிறார்."

"நெருப்புக்கு நாள் கிழமை தெரியுமாங்க?"

"இந்த ஆர்டர் போச்சுன்னா…"

"நான் மூடியைத் திறக்கலைங்க."

திறந்தவெளியில் தேய்ப்பதுதான் பத்திரம் என்று டிரம்மை மூடியோடு முற்றத்துக்கு உருட்டச் சொன்னாள். கேனும் பின்னால் போயிற்று. உப்புத்தாளை எடுத்து, கம்பி கடிக்கிற இடங்களில் மட்டும் பெயிண்டைத் தேய்த்தெடுத்தாள். பிறகு பட்டை. கொழுந்தன் வாடிய முகத்தோடு கூடவே தேய்த்தான். முக்கால் மணி நேரம். எல்லாம் உள்ளே திரும்பி எலி கத்தியபோது கம்பெனிக்காரரின் வண்டி தெருமுனை தாண்டியிருந்தது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கையை நீட்டி, டிரம் மூடியைத் திறக்கிற சாவியை வாங்கிக்கொண்டார். "நாளையிலிருந்து நீங்க விதை புடைக்கிற பக்கம் போங்கம்மா. ஊத்துறத நான் பார்த்துக்கறேன்."

பதினாறு வருஷம் இடுப்பில் தொங்கிய சாவி. அன்று இரவு கணவர் அவள் காலி இடுப்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். அளவு எடுக்காமலே தைக்கத் தெரிந்தவர்.

மறுநாள் காலை இரண்டு புருவமும் நேராகத்தான் இருந்தன. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. முறத்தை எடுத்துக்கொண்டு விதைப் பக்கம் உட்கார்ந்தாள். உள்ளே எலி கத்துவது கேட்டது. டிரம் மூடி திறக்கிற சத்தம் மட்டும் வரவில்லை. முறத்தில் விதை நின்றுவிட்டது.

முதலாளி வாசலில் வந்து நின்றார். நெற்றியில் வேர்வை.

"எலி கத்துதும்மா. கத்தினா சரிதானே?"

"சரிதாங்க. தரையோரத்து விசிறி ஓடுதா?"

"போடணுமா?"

"கேனுக்குள்ள விட்ட குழாய் அடியைத் தொடுதா? மேலேயிருந்து விழுந்தா தெறிக்கும். தெறிச்சா மின்சாரம் சேரும்."

"பாதி வரைக்கும்தான் விட்டிருக்கேன்."

"சட்டை என்ன துணி?"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வழவழவென்று மின்னியது. அந்தச் சட்டையைத் தைத்ததே அவள் கணவர்தான். பாலியஸ்டர் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

முதலாளி சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. முறத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

"இன்னொரு பெரிய மனுஷர் வந்து நின்னா?"

"நிக்கட்டும்."

"போயிட்டா?"

முதலாளி திரும்பித் தெருமுனையைப் பார்த்தார். அடுத்து வந்தது அவருக்குச் சுலபமான வார்த்தை இல்லை. "போகட்டும்மா. மூடிமேல கை வச்சேன். உங்க புருவம் ஞாபகம் வந்துடுச்சு. திறக்க முடியலை."

கம்பியக்கா முறத்தைக் கீழே வைத்தாள். கையைத் தட்டிவிட்டு, சாவியை வாங்கி இடுப்பில் மாட்டினாள். விசிறியைப் போட்டாள், குழாயை அடிவரை இறக்கினாள், எலியை மறுபடி ஒரு முறை கத்த வைத்தாள். பிறகு மூடி திறந்தது. ஹெக்சேன் சத்தமில்லாமல், நூல் பிடித்தாற்போல் கேனுக்குள் இறங்கியது.

அதைப் பார்க்க முதலாளிக்கு ஆசைதான். இருந்தாலும் வாசற்படியைத் தாண்டவில்லை. சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.