அண்ணனின் பெட்டியில் வந்த பின்னல்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டுரையைத்தான் முதலில் புரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "அந்தப் பின்னல் விஷயத்தப் பத்தி அமுதா இன்னா எழுதியிருக்கா பாப்போம்" என்றுதானே? பாருங்கள். அதை எழுதத்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் செஞ்சியில், கோட்டைக்குப் போகும் ரோட்டோரம் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா, நைனாவுக்கு, மணிலா என்கிற வேர்க்கடலை வெள்ளாமை. மூட்டை எடை போடும்போது நைனா தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அந்தச் சந்தேகம் எங்கள் குடும்பத்துக்கே ஊறிப்போனது. பால்காரர், கண்டக்டர், ஜோசியர், யாரையும் நம்ப மாட்டோம். அண்ணன் மட்டும் யார் என்ன சொன்னாலும் "அப்டியா!" என்று நம்பிவிடுவார். இந்த மனுஷனை எவனாவது ஏமாற்றிவிடுவான் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குப் பயம்.

நைனா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் விடியற்காலையில் கொல்லையில் மணிலா பிடுங்கிவிட்டு, மண் ஒட்டிய கையோடு பள்ளிக்கூடம் போனவர். கணக்குப் படித்து வாத்தியார் ஆனார். என்னைக் கட்டிக்கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு முதல் மெஷின் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பிறகு மாலத்தீவு, அங்கிருந்து கனடா. சாஸ்கச்சுவான் என்கிற சமவெளி மாகாணத்தில், க்ரீ என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. அண்ணி ஒரு குளிர்காலம் அங்கே வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தார். எங்கள் அம்மா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தவர்தான், அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளி, கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அண்ணன் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தார்.

போன் பண்ணினால் அந்த மக்களின் கதையாகத்தான் பேசுவார். ஒரு காலத்தில் அந்தப் புல்வெளி முழுக்கக் காட்டெருமைக் கூட்டமாம். அதை நம்பித்தான் அவர்கள் வாழ்ந்தார்களாம். வெள்ளைக்காரர்கள் சுட்டுச் சுட்டே அதைத் தீர்த்தார்களாம். பட்டினியில் கிடந்தவர்களிடம் ஒப்பந்தம் போட்டு, சின்ன சின்ன இடமாக ஒதுக்கி உட்கார வைத்தார்களாம். சொந்த ஊரை விட்டு வெளியே போகவே அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டுமாம். "நம்மூரு இருளருங்க மாதிரிதாம்மா. காலங்காலமா இருக்கறது அவங்க, பட்டா மட்டும் வேற ஆளு பேர்ல" என்பார். எவனோ சொன்னதை நம்பிக்கொண்டு கதை விடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு நாள் இருதயம் நின்றுவிட்டது. அண்ணன் மகன் சரவணனுக்கு விசா வருவதற்குள் அந்த ஊர்க்காரர்களே எல்லாக் காரியமும் பார்த்து, பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பினார்கள்.

பெட்டியைத் திறந்தபோது நீங்கள் பலரும் கூட இருந்தீர்கள். அண்ணனின் வலது கைக்கு அடியில் சிவப்புத் துணி. துணிக்குள்ளே ஒரு பொம்பளையின் பின்னல், அடியோடு வெட்டியது, என் முழங்கை நீளத்துக்கு மேல். கும்பலில் யாரோ "ஐயோ, வசியம் வெச்சி அனுப்பியிருக்கா" என்றார்கள். இன்னொருவர், "வசியம் இன்னா வசியம், தாலி அறுத்தவ முடிய அறுத்துப் போட்டிருக்கா. அங்க ஒரு குடும்பம் இருக்குது" என்றார். சொன்னவர் இதைப் படித்தால் அவருக்கே தெரியும். நான் அந்தத் துணியைப் பிடுங்கி எறியப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு அமுதா. அவரு கூட வந்தது அவரு கூடவே போவட்டும்."

அவர் குரலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்னல் அண்ணனோடு எரிந்தது. கருமாதி முடிந்த அன்றே அண்ணி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "அவ யாருன்னு தெரியாம வருஷ திதி கெடையாது. ரெண்டு பேர்ல ஒருத்தியா உக்காந்து என்னால படையல் போட முடியாது."

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அண்ணன் அனுப்பிய போட்டோக்களை எல்லாம் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூட விழாவில் ஒரு பெண், இடுப்பு வரைக்கும் பின்னல். ஏரியில் மீன் பிடிக்கும் படத்தில் அதே பெண். மஞ்சள் பஸ் முன்னால் அண்ணன் நிற்கிறார். டிரைவர் சீட்டில் அதே பெண். அண்ணன் எல்லாப் படத்திலும் வேறு சிரித்துக்கொண்டு நிற்கிறார்! அண்ணியிடம் எதையும் காட்டவில்லை. ஆனால் அவரும் தன் போனில் அதே படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

திதி நெருங்கியது. சரவணன்தான் பொறுக்க முடியாமல் பள்ளிக்கூடத்தில் விசாரித்து அந்தப் பெண்ணை வீடியோ காலில் பிடித்தான். பெயர் டெல்மா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். முடி காதுவரைதான் இருந்தது. அண்ணி அடுப்படியை விட்டு வரவில்லை. ஆனால் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"எங்க அண்ணன் உனக்கு இன்னா வேணும்னு கேளு" என்றேன்.

சரவணன் இங்கிலீஷில் கேட்டுவிட்டு, "பிரதர்ங்கறாங்க, அத்தை" என்றான்.

"பிரதரா? கண்டக்டரும்தான் எல்லாரையும் பிரதர்ங்கறான். கூடப் பொறக்காதவருக்கு எதுக்கு முடிய வெட்டினாளாம்னு கேளு."

டெல்மா நிதானமாகச் சொன்னார், சரவணன் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். அவர் அம்மாவைச் சின்னப் பிள்ளையிலேயே பெற்றவர்களிடமிருந்து பிரித்து அரசாங்க விடுதிப் பள்ளியில் போட்டார்களாம். உள்ளே போனதும் முதல் வேலை தலைமுடியை வெட்டியது. தாய்மொழி பேசினால் அடி. அதனால் அந்த ஊரில் வாத்தியார் என்றாலே யாருக்கும் நம்பிக்கை கிடையாது. அண்ணன் வேலைக்கு வந்த புதிதில் டெல்மா பிள்ளைகளை இறக்கிவிட்டு, வகுப்பின் கடைசியில் கையைக் கட்டி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். இவன் எந்தப் பிள்ளை மேல் கை வைக்கிறான் பார்ப்போம் என்று. (அப்படியே என் புத்தி!) அண்ணன் அவரிடமும் ஒரு நோட்டைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னாராம்.

டெல்மாவின் அண்ணன் இறந்த குளிர்காலத்தில், எங்கள் அண்ணன் அந்த வீட்டிலேயே இரவெல்லாம் பிணத்தோடு உட்கார்ந்திருக்கிறார், விறகு சுமந்திருக்கிறார். அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, போனவர் இடத்தில் இவரை வைத்துக்கொண்டார்களாம். அது அவர்கள் வழக்கம். அன்றிலிருந்து அவர் டெல்மாவுக்கு 'நிஸ்தேஸ்', அதாவது அண்ணன். அம்மாவுக்கு வெட்டினார்கள் என்பதற்காகத் தன் தலையில் டெல்மா கத்தரி படவே விட்டதில்லை. ரத்த உறவு போனால் மட்டும் வெட்டலாம். தன் அண்ணனுக்கு வெட்டியது பல வருஷத்தில் மறுபடி இடுப்புவரை வளர்ந்திருந்ததாம். இரண்டு அண்ணன்களுக்கும் வெட்டியாகிவிட்டது என்றார்.

எனக்கு நெஞ்சு உருகத்தான் செய்தது. ஆனாலும் விட மனசில்லை. பொய்யாக இருந்தால் உறவுமுறை கேட்கும்போது மாட்டிக்கொள்வாள் என்று மடக்கினேன். அப்பாவின் தங்கையை என்னவென்று கூப்பிடுவீர்கள்? நிசிகோஸ். புருஷனின் அம்மாவை? அதுவும் நிசிகோஸ்தான். தாயின் தம்பியை? நிசிஸ். மாமனாரை? அதே நிசிஸ். தம்பிக்கு 'நிஸ்தேஸ்' சொல்லலாமா? கூடாது, அது மூத்தவருக்கு மட்டும். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவரைச் சொல்லலாமா? டெல்மா முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பைச் சரவணன் மொழிபெயர்க்கவே இல்லை, தேவைப்படவில்லை.

"அத்தை, மாமா எல்லாம் நம்மள மாதிரியே வெச்சிருக்காங்க, அத்தை!" என்று கத்தினான்.

இங்கிலீஷ்காரனுக்குத்தான் எல்லாம் பிரதர், எல்லாம் அங்கிள். அண்ணா என்று கூப்பிட்ட வாய் வேறு எப்படியும் கூப்பிடாது என்பது அந்தப் பனிக்காட்டிலும் சட்டம் என்று யாருக்குத் தெரியும்?

அப்போது அண்ணி ஈரக்கையோடு வந்து போனை வாங்கினார். ஏதேதோ கேட்கப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கடைசியா இன்னா சாப்ட்டாரு?"

முந்தின நாள் ராத்திரி தன் வீட்டில் மீன் சூப் குடித்தார் என்றும், உப்பு பத்தவில்லை என்று சொன்னார் என்றும் டெல்மா சொன்னார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து, "இங்கயும் அதத்தான் சொல்வாரு, இங்கயும் அதத்தான் சொல்வாரு" என்று அழுதார். பெட்டி வந்த நாளிலிருந்து அவர் அழுதது அன்றுதான். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திதிக்கு அவள வரச் சொல்லு" என்றார்.

டெல்மா வந்திருக்கிறார். இன்று பந்தியில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். முடியைப் பார்த்துக் குசுகுசு என்று பேசாதீர்கள், நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனின் உடலைத் தனியாக விடாமல் இரவும் பகலும் காத்த அந்த ஊர் மக்களுக்கும், அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும், சென்னை விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பிக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சகத்துக்கு அனுப்பும்போது கடைசியில் 'தங்கை அமுதா' என்று போட்டிருந்தேன். அண்ணி படித்துவிட்டு, "தங்கைங்கன்னு போடு" என்றார். சுருக்கென்றது. பொறாமைதான், வேறென்ன. அந்த ஒரு சொல்லை இத்தனை வருஷமாக நான் யாரோடும் பங்கு போட்டதில்லை. சரி என்று எழுதினேன். அப்புறம் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை பிடிக்கலாம் என்றுதான் டெல்மாவின் வயதைக் கேட்டேன். என்னைவிட மூத்தவராம். சந்தேகப்பட்டு பாஸ்போர்ட்டை வாங்கியும் பார்த்துவிட்டேன். நிஜம்தான்.

அண்ணனை நினைத்தபடி,
தங்கைகள்
டெல்மா
அமுதா