முதல் நாற்காலிக்காரன்

பதினொரு நாளாக என் மூத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்குக் குழாய் வழியாக வந்து, கட்டில் சட்டத்தில் மாட்டியிருந்த பையில் இறங்கிக்கொண்டிருந்தது. புராஸ்டேட் வீங்கி அடைத்துக்கொண்டது, ஆபரேஷன் செய்தார்கள், புண் ஆறும்வரை குழாயோடு இருக்கட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினான்காம் நாள் எடுப்பார்கள். அப்புறம் தானாகப் போனால் சரி. போகாவிட்டால் மறுபடியும் குழாய், மறுபடியும் கட்டில்.

நான் முடி வெட்டுகிறவன். மூன்று நாற்காலி போட்ட சலூனில் பத்தொன்பது வருஷமாக முதல் நாற்காலி என்னுடையது. இரண்டாவது முதலாளியுடையது. மூன்றாவது ரொம்ப நாளாக ஆள் இல்லாமல் கிடந்தது. கடை முதலாளிக்குச் சொந்தம், நாற்காலியும் அவருக்குத்தான் சொந்தம், ஆனால் அதில் வந்து உட்காரும் தலைகள் எனக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தலை, பேச்சும் சிரிப்புமாக. அதனால் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர். நான் ஆஸ்பத்திரியில் படுத்த மறுநாளே முதலாளி எங்கிருந்தோ ஒருத்தனைப் பிடித்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்.

"நீ வர்ற வரைக்கும்தான்பா" என்று போனில் சொன்னார்.

இப்படிச் சொன்ன எவன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான்? நாற்காலி போனால் ஐம்பத்தாறு வயதில் எவன் கடையில் போய் நிற்பது?

வீட்டில் என் மனைவி நர்ஸ் வேலையை எடுத்துக்கொண்டாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பையின் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து வாளியில் வடிப்பாள். எவ்வளவு, என்ன நிறம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவாள். குழாய் மடங்காமல் தொடையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைத் தடவிப் பார்ப்பாள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னது ஒன்றே ஒன்று: பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும், மேலே போனால் மூத்திரம் இறங்காது. இதை என் மனைவி ஒரு நாளைக்கு நாலு தரம் ஒப்பித்தாள். பார்க்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து நலம் விசாரிக்கவில்லை. எல்லார் கண்ணும் நேராகப் பைக்குத்தான் போனது.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பத்தாம் நாள் வந்தான். முடி வெட்டி, முகம் மழமழவென்று இருந்தான்.

"எங்கடா வெட்டின?"

"நம்ம கடையிலதான் மாமா. புதுசா வந்திருக்காரே, அவர்கிட்ட. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாரு மாமா. முக்கால் மணி நேரம்! ஆனா கை இருக்கே..." என்று கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"முக்கால் மணி நேரமா? ஆமைடா அவன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் இல்லேன்னதும் அவன் பெரிய ஆளாயிட்டான்."

"அப்படித் தெரியலயே மாமா. கணக்கு வாத்தியாரே அவர்கிட்டதான் உக்காந்தாரு."

கணக்கு வாத்தியாருக்கு உச்சியில் இரட்டைச் சுழி. எவன் வெட்டினாலும் பின்னால் ஒரு கொத்து முடி சேவல் கொண்டை மாதிரி எழுந்து நிற்கும். அதைப் படுக்க வைக்கிற வித்தை என் கைக்கு மட்டும்தான் தெரியும் என்று அவரே சொல்லுவார். நான் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால் நாலு நாள் காத்திருந்து என்னிடம் வருவார். இரட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டி என்பார்கள். ஒரே பொண்டாட்டியோடு ஒழுங்காக இருந்த மனுஷன், பார்பர் விஷயத்தில் புத்தியைக் காட்டிவிட்டார்.

அன்றைக்கு முழுதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் நான் பழக்கிய தலைகள். ஒருத்தருக்குக் காது மடலுக்குப் பின்னால் கூச்சம், ஒருத்தருக்கு மெஷின் சத்தம் ஆகாது, ஒருத்தருக்கு வழுக்கை என்று யாரும் சொல்லக் கூடாது. எல்லாம் நான் கற்றுவைத்தது. இவன் வந்து நோகாமல் நுங்கு தின்கிறான். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். எனக்கென்ன வெட்கம்?

மறுநாள் காலை என் மனைவி மருந்துக் கடைக்குப் போனாள். நான் எழுந்து சட்டையை மாட்டினேன். பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் போக மானம் இடம் கொடுக்கவில்லை. காய்கறி வாங்கும் துணிப்பைக்குள் அதைத் திணித்து, குழாயைச் சட்டைக்குள் விட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பார்க்கிறவனுக்கு நான் மார்க்கெட்டுக்குப் போகிறவன். நர்ஸம்மாவும் இல்லை, இடுப்பும் இல்லை, என் புத்தியில் அந்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

இரண்டு தெரு. கால்களை அகட்டி வைத்து, வாத்து மாதிரி நடந்தேன். கடைக்கு எதிரே பங்ச்சர் கடை ஓரமாக, அடுக்கியிருந்த டயருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. முதல் நாற்காலியில் கணக்கு வாத்தியார். போன வெட்டுக்குப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் மறுபடியும் என்ன வெட்டு! அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒருத்தன், முப்பத்தைந்து வயது இருக்கும். சீப்பால் முடியைத் தூக்கி, கொஞ்ச நேரம் பார்த்து, அப்புறம் ஒரு வெட்டு. வாத்தியார் தாடை நெஞ்சில் சாய்ந்திருந்தது. தூங்குகிறார்! என் கையில் அவர் ஒரு நாள் கண் மூடியதில்லை. உட்காரும்போதே "சீக்கிரம்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பார்.

அடிவயிறு இறுகியது. வயிற்றெரிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்க்கப் பார்க்க அது கல்லாகி, சுருட்டிச் சுருட்டி இழுத்தது. முதுகில் வியர்வை ஓடியது, டயரைப் பிடித்துக்கொண்டேன், டயர் உருண்டது. பங்ச்சர் கடைக்காரர் "அண்ணே, அண்ணே" என்று ஓடி வந்தார். என்னைத் தாங்கிப் பிடித்தவர், பக்கத்தில் வேறு கதவு இல்லாத மாதிரி, நேராகச் சலூனுக்குள் கொண்டுபோய் விட்டார். முதலாளி வெளியே போயிருந்தார்.

அவன் கத்தரியை வைத்துவிட்டுத் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். சட்டைக் கழுத்திலிருந்து தோள் பைக்குப் போகும் குழாயைப் பார்த்தான். வாத்தியாரைத் தொட்டு எழுப்பி இரண்டாவது நாற்காலிக்கு மாற்றினான், என்னை முதல் நாற்காலியில் உட்காரவைத்தான். வெள்ளைத் துணியை உதறி, கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்தினான். அந்தத் துணிக்கு அடியில் கையை விட்டு, யார் கண்ணிலும் படாமல் பையைத் தோளிலிருந்து இறக்கி, கால் வைக்கும் கம்பியில் தொங்கவிட்டான்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சளசளவென்று இறங்கும் சத்தம் எனக்கே கேட்டது. உயிர் வந்தது.

"பை மேல இருந்தா இறங்காதுண்ணே. எங்கப்பாவுக்கு மூணு வருஷம் இருந்துச்சு" என்றான்.

பாதி வெட்டிய தலையோடு வாத்தியார் எட்டிப் பார்த்தார். "என்னப்பா எக்ஸ்பிரஸ், தடம் புரண்டுட்டியா?"

"வந்தது வந்துட்டீங்க, தாடி எடுத்துடவாண்ணே?" என்றான் அவன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாத்தியார், "எடுப்பா, எடு. எனக்கு என்ன அவசரம்?" என்றார். இந்த மனுஷனா! அவசரம் இல்லையாம்!

அந்த நாற்காலியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வெந்நீர்த் துணியை முகத்தில் வைத்தான். குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருந்தேன். பிரஷ் கன்னத்தில் சுற்றியது. தொண்டையில் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் கத்தியை இறக்கினான். தாடைக்கு அடியில் எனக்கு ஒரு மச்சம் உண்டு, நானே ஷேவ் செய்தால் மாதத்துக்கு ஒரு தரம் அதைக் கீறிக்கொள்வேன். இவன் அங்கே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனான். அவசரம் இல்லை, பேச்சு இல்லை. கை எங்கே அழுத்துகிறது, எங்கே விடுகிறது என்று தேடிக்கொண்டே இருந்தேன். பாவி, ஒரு குறை அகப்படவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விழித்தபோது என் மனைவி எதிரே நின்றிருந்தாள். பங்ச்சர் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பையத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊர்வலமா? உங்களுக்கு மூத்திரம் அடைச்சுதா, மூளை அடைச்சுதா?"

வாத்தியார் சிரித்த சிரிப்பில் தலையில் இருந்த வெட்டு முடியெல்லாம் கொட்டியது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! வீடு வரைக்கும் பையைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு அவனே வந்தான். வாசலில் என் மனைவி அவனுக்கு நூறு நன்றி சொன்னாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

பதினான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். மூன்று பாட்டில் தண்ணீர் குடிக்கவைத்துக் கழிப்பறைக்கு அனுப்பினார்கள். வெளியிலிருந்து என் மனைவி, "வந்துச்சா?" என்று ஐந்தாறு தரம் கேட்டாள். "இரு, வர்றதும் திரும்பிப் போயிடும்" என்று கத்தினேன். சொட்டுச் சொட்டாக வந்தது, எரிந்தது, நின்றது. அப்புறம் தாரையாக வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாற்காலி பிழைத்தது என்றுதான் அழுதேன்.

இன்னும் மூன்று வாரம் கழித்து நின்று வேலை செய்யலாம் என்றார் டாக்டர். மூன்று வாரம் முடிந்த மறுநாளே கடைக்குப் போனேன். முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் முதல் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, தன் கத்தரி, சீப்பையெல்லாம் மூன்றாவது நாற்காலிக்கு எடுத்துப் போய்விட்டான். முதலாளி அவனை அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் கணக்கு வாத்தியார் வந்தார். நான் துணியை உதறி, "வாங்க சார், வாங்க!" என்றேன்.

"வந்துட்டியா எக்ஸ்பிரஸ்! உடம்பு தேறிடுச்சா? சந்தோஷம்பா" என்று தோளைத் தட்டினார். மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார். அவன் ஒரு தலையை அப்போதுதான் ஆரம்பித்திருந்தான். வாத்தியார் பேப்பரை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சார், அண்ணன் சும்மாதானே நிக்கிறாரு, அங்க உக்காருங்க" என்றான் அவன்.

"பரவாயில்லப்பா, நீ மெதுவா முடி. நான் காத்திருக்கேன்."

முதல் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. அதன் பின்னால், உதறிய துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். வயிறு பற்றி எரிந்தது. இதே வாத்தியாரைப் பழைய எக்ஸ்பிரஸ் நாலு வார்த்தை கேட்டிருப்பான். ஆனால் அந்தக் கை என் தொண்டையில் ஓடியதை நான் மறக்கவில்லையே. நானாக இருந்தாலும் காத்துத்தான் இருந்திருப்பேன்.