கொளஞ்சி கழுவிய வண்டி

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் கூட்டிப் பெருக்கினாயே, புதுசாய் வேலைக்கு வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல் என்று வந்து உட்கார்ந்தீர்கள். இப்போது கேட்பது என்ன? “உங்களுக்கும் உங்க ஓரகத்திக்கும் என்னாம்மா சண்டை?” இது அனுபவமா, வம்பா? வம்பு என்றால் வெற்றிலை பாக்காவது வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து அடுத்தவள் சட்டியை எட்டிப் பார்க்கிறீர்கள்.

சரி, சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். அதை மட்டும் எழுதாதே என்றிருக்கிறேன்.

எங்கள் வண்டி

குமராட்சிப் பக்கம், கொள்ளிடக் கரையோரம் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் துப்புரவுப் பணியாளர். எல்லோரும் ஆயா என்பார்கள். ஆம்புலன்ஸ் எங்கள் வாசல் புங்க மரத்தடியில்தான் நிற்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த வேலையில் பைலட் என்று பெயர். எங்கள் பைலட் வேலு. உள்ளே நோயாளியைப் பார்த்துக்கொள்கிற இ.எம்.டி. பொண்ணு சுகன்யா.

ஆரம்பத்தில் வண்டிக்கு வேலையே இருக்காது. காக்கா எச்சம் காய்ந்து கிடக்கும். அப்புறம் பார்க்க வேண்டுமே! வெயிலில் மயக்கம், சுகர் இறங்கிப்போச்சு, பைக்கில் விழுந்துட்டான், பிள்ளைகள் எல்லாம் திருப்பூரில் இருக்கிறார்கள், கிழவிக்குத் தலை சுத்துகிறது, எல்லாவற்றுக்கும் போன். ஒரு கேஸை இறக்கிவிட்டு வருவதற்குள் அடுத்த கேஸ். இன்ஜின் ஆறவே ஆறாது.

இதில் ஒரு விஷயம் உண்டு. ரத்தமும் வாந்தியுமாக வண்டி திரும்பி வரும். உள்ளே கழுவி முடித்தால்தான் ‘வண்டி ரெடி’ என்று சென்னை கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல முடியும். அதுவரை வண்டி கணக்கிலேயே இல்லை. கழுவுவது என் வேலை இல்லை, அவர்கள் வேலை. ஆனால் சோறு தின்னக்கூட நேரமில்லாமல் அந்தப் பொண்ணு துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் நானே பக்கெட்டோடு ஏறிவிட்டேன். ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஓடுகிற பள்ளத்தில் ரத்தம் போய் உட்கார்ந்துகொள்ளும். துணி போகாது. பழைய பல் பிரஷ் வைத்துத் தேய்ப்பேன். அது என் யோசனை. நன்றாக எழுது மருமகளே, என் யோசனை.

வண்டி வாழப் போனது

என் ஓரகத்தி கொளஞ்சி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, மெயின் ரோட்டு ஊர் சுகாதார நிலையத்தில் இதே வேலை. ரோட்டை அகலப்படுத்தியதும் அந்தப் பக்கம் விபத்து ஜாஸ்தி. போன் எல்லாம் அங்கிருந்துதான். ஒரு நாள் ஆர்டர் வந்தது, வண்டி இனிமேல் அங்கே நிற்கும் என்று.

புங்க மரத்தடியில் ஆயில் கறை மட்டும் கிடந்தது. அதைக்கூட நான் ஒரு வாரம் கழுவவில்லை.

அடுத்து ஒரு காதுகுத்தில் கொளஞ்சியைப் பார்த்தேன். எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, உங்க வண்டி எங்க ஊருக்கு வாழ வந்துடுச்சு!”

“வாழ வந்ததுதான? மாமியா கொடும தாங்காம திரும்பி வரும், பாரு.”

“வராதுக்கா. நான் நல்லா கவனிச்சிக்கிறேன். வேலு தம்பிக்கு என் கை டீதான் புடிச்சிருக்காம்.”

“சக்கரய அள்ளிப் போடறியா? அப்ப அவனுக்கும் சுகர் வந்து அவனே உள்ள ஏறிப் படுத்துக்குவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். நீங்கள் கேட்ட சண்டை இவ்வளவுதான். புருஷனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

பாம்பு

புருஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. என் வீட்டுக்காரர் காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்ப மடையில் கை வைத்தார். பாம்பு போட்டுவிட்டது. நல்ல வேளையாகப் பைக்கில் வைத்து நேரே எங்கள் சுகாதார நிலையத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். டாக்டரம்மா விஷ முறிவு ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார். ஆனாலும் அவர் கண்ணிமை தானாகத் தொங்க ஆரம்பித்தது. நாக்கு குழறியது.

“ஆயா, மூச்சு நின்னுட்டா இங்க மெஷின் இல்ல. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஆட்டோ வேணாம். வழியில ஆக்சிஜன் வேணும்” என்று டாக்டரம்மா போன் போட்டார்.

கேட்டுவிட்டுச் சொன்னார்: “மெயின் ரோட்டு வண்டி இப்பதான் ஆக்சிடென்ட் கேஸ எறக்கிட்டு வந்திருக்காம். கழுவிக்கிட்டிருக்காங்களாம். ரெடின்னதும் அனுப்புறாங்களாம். மத்த வண்டியெல்லாம் கடலூர் போயிருக்கு.”

கழுவுகிறார்களாம்! யார் கழுவுவது என்று எனக்குத் தெரியாதா? “போச்சு. அவ வீட்டுத் தோசக்கல்லையே மத்தியானம் வரைக்கும் கழுவுவா” என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவர் இமையை விரலால் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “என்னப் பாரு, தூங்காத, என்னப் பாரு” என்றேன்.

சைரன் கேட்டது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம். ரொம்பச் சீக்கிரம்.

வேலு இறங்கி, “ஆயா, மாமாவா? பாம்புக்கடின்னு மட்டும்தான் சொன்னாங்க” என்று பதறினான்.

சுகன்யா ஆக்சிஜன் மாட்டினாள். வண்டி கிளம்பியது. தரையில் இன்னும் ஈரம். பிளீச்சிங் வாசனை. அவர் மூச்சு ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் பார்த்தேன். கதவு இடுக்கில் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை கிடைக்காதா என்று.

“என்னாயா தேடுறீங்க?” என்றாள் சுகன்யா.

“கம்மலு உழுந்துடுச்சும்மா.”

“ரெண்டும் காதுலதான் இருக்கு.”

“அப்படியா? இருந்தா சரி.”

அவர் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ முனகினார். திட்டினார் என்று நினைக்கிறேன். என் மனசு குளிர்ந்தது. திட்டுகிற ஆள் பிழைத்துக்கொள்வார்.

கடைசியாக ஸ்ட்ரெச்சர் பள்ளத்தில் விரலை விட்டு இழுத்தேன். விரல் சுத்தமாக வந்தது. கதவோரம் ஒரு பழைய பல் பிரஷ் செருகியிருந்தது.

“அந்த ஆக்சிடென்ட் கேஸுல ரத்தம் ஜாஸ்தி ஆயா” என்றாள் சுகன்யா. “கொளஞ்சியக்கா எங்க ரெண்டு பேரையும் தள்ளிட்டு ஏறிடுச்சு. கிளவுஸ்கூட போடல.”

“எங்க வீட்டுக்காரருக்குன்னு அவளுக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? கழுவி முடிச்சி ரெடின்னு சொன்னப்புறம்தான் எங்களுக்கே கேஸு வந்துச்சு. அது எப்பவும் இப்படித்தான் கழுவும்.”

எனக்காகக் கழுவியிருந்தால் ஒரு நன்றியைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். யாருக்கென்றே தெரியாமல் இப்படிக் கழுவியிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் கொளஞ்சி தூக்குவாளியில் கஞ்சியோடு சிதம்பரம் வந்தாள். அவர் கண்ணைத் திறந்து விழித்துக்கொண்டிருந்தார். “மாமாவுக்கு எப்படிக்கா இருக்கு?” என்று தூக்கை நீட்டினாள். விரல் எல்லாம் பிளீச்சிங்கில் வெந்து தோல் உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்து அவள் கையில் நானே தடவினேன். “கிளவுஸு போட மாட்ட? அவ்ளோ பெரிய இவளா நீ?” என்றேன். நிறுத்திய பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான். ஈரம் காய்வதற்குள் அடுத்த போன் வந்துவிடும். யாருக்கு என்று தெரியாது. பள்ளத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“உங்க ஓரகத்தி வண்டிதான வந்துச்சு? எப்படிக்கா வச்சிருக்கா?”

“என்னத்தச் சொல்ல. எங்கிட்ட இருந்த வரைக்கும் மொகம் பாக்கலாம். இப்ப மூலையில கற.”

“எந்த மூலையிலக்கா?”

“ஒக்காந்து போனா தெரியாதுடி. படுத்துப் போனாத்தான் தெரியும். போறியா?”