பெர்சிஸ் சரிசெய்த கோடு

"அட கஸ்மாலம்! உன்ன எவன் எழுதனான்?" என்று கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டேதான் பெர்சிஸ் வேலை செய்வாள். நாற்காலியில் சம்மணம், மடியில் வேர்க்கடலை, தோலெல்லாம் கீபோர்டுக்குள். திருவொற்றியூரில் எனக்கு எதிர்வீடு. மணலி ஆலைப் பக்கத்து நாற்றக் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவாள். அப்போதும் திட்டு கேட்கும்.

தட்டிய எண் சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று சோதிக்க உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு ரெஜெக்ஸ் லைப்ரரியில், அதாவது நிரல் தொகுப்பில், இருந்த பிழையை அவள் சம்பளமில்லாமல் திருத்தினாள். விஷயம் சின்னது. ஓர் எண்ணில் எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்று சதுர அடைப்புக்குள் எழுதி வைப்பார்கள். அங்கே இரண்டு எழுத்துகளுக்கு நடுவே சின்னக் கோடு வந்தால் 'இதிலிருந்து அதுவரை' என்று அர்த்தம். கடைசியில் வந்தால் வெறும் கோடு, அதுவும் அனுமதிக்கப்பட்ட ஓர் எழுத்து. இந்த லைப்ரரியோ கடைசிக் கோட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

இதில் அவளுக்கென்ன வந்தது? அவள் அப்பா தங்கப்பாண்டி டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசல் மெஷினில் ஓடியதும் இதே லைப்ரரிதான். டிரைவர்கள் தட்டும் நுழைவு பாஸ் நம்பரில் கோடு இருந்தால் அதையெல்லாம் செல்லாது என்று தள்ளியது. வண்டிகள் சாலையில் வரிசைகட்டின. டிரைவர்கள் ஒன்றுக்குப் போகக்கூட இடமில்லாமல் தவித்தார்கள்.

அவள் திருத்தத்தை லைப்ரரிக்காரர்கள் ஏற்று, புதிய பதிப்பே விட்டார்கள். யார்டுக்கு மென்பொருள் போட்ட கம்பெனியோ, "ஆடிட் முடியட்டும், அப்புறம்தான் புதுசு போடுவோம்" என்றது. ஆடிட்டாம், மண்ணாங்கட்டி! பொறுக்கமாட்டாமல் பெர்சிஸ் அப்பாவுக்கு யோசனை சொன்னாள்: "நைனா, அந்தக் கோட்ட வுட்டுட்டுத் தட்டு. மெஷின் உள்ள வுட்டுரும்."

மெஷின் விட்டது. உள்வாசலில் காவலர் திரையையும் பாஸ் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நம்பர் வேறு, ஆகவே போலி பாஸ். தங்கப்பாண்டி இனி உள்ளே நுழையக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். யார்டுக்குள் போக முடியாத டிரைவருக்கு எந்த முதலாளி வண்டி கொடுப்பான்? வாலிபத்திலிருந்து ஸ்டியரிங் பிடித்த மனிதர் இப்போது வீட்டில் டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பெர்சிஸ் கம்பெனிக்கு எழுதினாள், நேரில் போனாள், கத்தினாள். "அது செக்யூரிட்டி டிபார்ட்மென்ட், மேடம்" என்று கையை விரித்தார்கள். "நான்தான்க்கா சொல்லிக் குடுத்தேன். ஒரு வார்த்த திட்டனாக்கூட மனசு ஆறும். திட்ட மாட்டேன்றாரே நைனா" என்று என்னிடம் அழுதாள்.

போன வாரம் ஆடிட் முடிந்தது. அவள் திருத்திய பதிப்பு வாசலில் ஓடுகிறது. எல்லா வண்டியும் போகிறது. தங்கப்பாண்டியின் தடை மட்டும் அப்படியே இருக்கிறது. அவளுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பார்சலும் வந்தது. கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட். கூடவே, 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று ஓர் அட்டை. நான் அப்போது அவர்கள் சமையலறையில்தான் இருந்தேன். தங்கப்பாண்டி எட்டிப் பார்த்து, "துணி நல்லாக் கீதே, போட்டுக்கோம்மா" என்றார்.

பெர்சிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். டி-ஷர்ட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்துப் பிடித்து, கொதிக்கிற சோற்றுப் பானையை இறக்கினாள்.