மாமாவின் இருபத்துநாலு வோல்ட் லாரி

எங்கள் மாமாவைப் போல மனிதரின் பொறுமையைச் சோதித்த இன்னொருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளின் நடுவில், ராணுவம் கழித்துவிட்ட டீசல் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அதன் பச்சை தெரியாமல் நீலம் பூசி, மைசூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் கொண்டுவந்து நிறுத்தினார். ஹெப்பாள் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஓட்டப் போவதாகச் சொன்னார். லாரி மனையில் இருந்தது, மாமா எங்கள் வீட்டில் இருந்தார். இரண்டும் சுலபத்தில் கிளம்புவதாக இல்லை.

அப்பா ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். லாரி வந்த அன்றே அதன் பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டி மாமாவுக்குப் பாடம் நடத்தினார். காருக்கும் ஜீப்புக்கும் பன்னிரண்டு வோல்ட். இது பட்டாளத்து வண்டி, இதற்கு இருபத்துநாலு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக மாட்டி அதை உண்டாக்கியிருக்கிறார்கள். ஆகவே கடையில் கிடைக்கிற எந்தச் சாமானையும் வாங்கி இதில் மாட்டக் கூடாது. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாளே ஜீப்புக்குப் போடும் பல்பை வாங்கி முன்விளக்கில் மாட்டினார். அது கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு ஒரு கணம் எரிந்து கருகிப்போனது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. அது காருக்கான பன்னிரண்டு வோல்ட் சாமான். இருபத்துநாலைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்க ஒரு டப்பா இருக்கிறது, அதை வாங்கி வை என்று அப்பா சொன்னார். டேப் விற்ற கடைக்காரர் அதெல்லாம் வீண் செலவு என்று சொல்லி, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டார். டேப் அருமையாகப் பாடியது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாடு பூட்டற வண்டிடா அது. ஒத்த மாட்ட மட்டும் பொழுதன்னிக்கும் செக்குல ஓட்டிப்போட்டு, காலைல ரெண்டயும் சேத்துப் பூட்டுனா வண்டி நகருமா?" என்று கேட்டார்.

அப்பா கேட்டது மாமாவை. புரிந்தது எனக்கு. அப்போது எனக்குப் பத்து வயது. பாடுகிற பேட்டரி இளைத்துக்கொண்டே போகும். சும்மா இருக்கிற பேட்டரிக்கோ தேவைக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீர் கொதிக்கும். கடைசியில் இரண்டுமே வீணாகும். என் பள்ளிக்கூடத் தோழிகளுக்குக்கூட இதை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு மட்டும் ஏறவில்லை. சாயங்காலமானால் நிற்கிற லாரியில் உட்கார்ந்து பாட்டுப் போடுவார். காலையில் ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகிவிட்டு அடங்கும். தெருவில் போவோர் வருவோரையெல்லாம் "ஸ்வல்ப தள்ளி அண்ணா" என்று கன்னடத்தில் கூப்பிட்டுக் கொஞ்சம் தள்ளவைப்பார். அந்தப் பாட்டு நேரத்தில்தான் அப்பாவின் தங்கையான என் அத்தை மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போவாள். ஒரு மணி நேரம் எடுப்பாள். எங்கள் வீட்டில் அவ்வளவு துணி கிடையாது.

அத்தைக்குக் கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிலபுலன் உள்ள குடும்பம். அப்பாதான் பேசி முடித்தார். கல்யாணம் அங்கேயே, மாப்பிள்ளை வீட்டில். பாத்திரம் பண்டம், உறவுக்காரர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போக லாரி இருக்கும்போது வேறு வண்டி எதற்கு என்று அம்மா சொன்னாள். மாமா சரி என்றார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வழியில் எங்கே நிறுத்தினாலும் இஞ்சினை மட்டும் அணைக்கக் கூடாது. ஒரு பேட்டரி ஏறக்குறைய செத்துவிட்டது. அணைத்தால் மறுபடி பிடிக்காது.

விடியுமுன் தெருச் சரிவில் லாரியைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டோம். அப்பாவும் அம்மாவும் மற்றவர்களும் பின்னால் பட்டாளத்துப் பெஞ்சுகளில். முன்னால் மாமா, நான், சன்னலோரம் பட்டுப்புடவையில் அத்தை. பாட்டு இல்லை. கொள்ளேகாலில் டீ குடிக்க நிறுத்தினோம். மாமாவின் கை இஞ்சினை நிறுத்தும் குமிழுக்குப் போனது.

"மாமா, அத இழுக்காதீங்க. அப்பா சொல்லியிருக்காரு," என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அத்தையைப் பார்த்தார். அத்தை நேரே கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா குமிழை இழுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்டார்ட்டர் முனகக்கூட இல்லை. பின்னால் இருந்த பட்டுப்புடவைக்காரிகள் எல்லோரும் இறங்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆட்கள் வந்து தள்ளினார்கள். சமதரையில் அந்த இரும்பு மலை இரண்டடி நகர்ந்து நின்றது. முகூர்த்தம் உச்சிக்கு முன்னால். பெரியவர்கள் சகுனம் பேச ஆரம்பித்தார்கள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனே மாப்ள," என்றார் அப்பா.

"மறந்துட்டனுங்க மச்சான்," என்றார் மாமா.

நான் நினைவுபடுத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது.

அப்பா ஓடிப்போய் ஒரு பேட்டரிக் கடையில் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றை வாடகைக்குத் தூக்கிவந்தார். செத்ததைக் கழற்றி அதை வைத்து இறுக்கும்போது, அத்தை வண்டியிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"டேப்புக்குப் போற ஒயர வெட்டியுட்டுருங்கண்ணா," என்றாள்.

மாமா அருகில்தான் நின்றிருந்தார். அப்பா கட்டிங் பிளேயரை எடுத்து வெட்டினார். இந்தக் குடும்பத்தில் கரண்டு புரிந்தவள் இன்னும் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. லாரி ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் பந்தலுக்குள் போனார்கள். அத்தை மணையில் உட்கார்ந்த பிறகும் மாமாவைக் காணவில்லை. போய்க் கூட்டிவா என்று அம்மா என்னை அனுப்பினாள். லாரி ஒரு புளியமரத்தடியில் புகை விட்டுக்கொண்டு நின்றது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"நான் வல்ல கண்ணு. இஞ்சின் அமந்துபோச்சுன்னா அப்பறம் பிடிக்காது."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. படியில் ஏறி நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இப்போது இரண்டு பேட்டரியும் நன்றாக இருக்கின்றன, பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு, டேப் ஒயரைத்தான் வெட்டியாகிவிட்டதே, தைரியமாக அணைக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் பிடிக்கும். மாமா ஒரு வார்த்தை விடாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அணைக்கவில்லை.

பந்தலில் யாரோ கையை உயர்த்தி மேளக்காரர்களுக்குச் சைகை காட்டுவது தெரிந்தது. மாமா ஆக்சிலரேட்டரை அழுத்தினார். நிற்கிற லாரி மரமே நடுங்கும்படி உறுமியது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். மேளக்காரர்களின் கைகள் வேகவேகமாக ஆடின. ஒரு சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை. அட்சதை பறந்து ஓய்ந்த பிறகுதான் காலை எடுத்தார்.

எவ்வளவு டீசல் வீணாகிறது, இந்த மனிதருக்கு இருபத்துநாலு வோல்ட் கணக்கு எந்த ஜென்மத்திலும் ஏறாது என்று முடிவு கட்டிக்கொண்டு, முதல் பந்தியில் இடம் பிடிக்க ஓடினேன்.